மலையில் மட்டும் ஒழுகிய கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி, சன்ரூஃப் (கூரையில் திறந்து மூடும் கண்ணாடி) வைத்த ஒரு சிறிய எஸ்யூவி. வாங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்கும் அடிபட்டதில்லை, முன் கண்ணாடி மாற்றியதில்லை, கூரையில் கேரியர் மாட்டியதில்லை. உள்ளே தண்ணீர் வருகிறது என்று ஒரு வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தால் அப்போதெல்லாம் முதலில் கேட்டது இந்த மூன்றையும்தான். மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது.

உரிமையாளருக்கு வீடு சேலத்தில். வேலை ஏற்காட்டில், ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப் பார்ப்பது. வாரத்தில் சில இரவுகள் மேலேயே எஸ்டேட் குவார்ட்டர்ஸில் தங்கிவிடுவார். விடுமுறை என்றால் மனைவியும் கூடப் போவார். கீழே வீட்டில் கார் ஷெட் கிடையாது. தெருவோரம் ஒரு புங்கமரத்தடியில், சமமான சிமென்ட் ரோட்டில் வண்டி நிற்கும். மேலே குவார்ட்டர்ஸ் வாசலில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நிற்கும். இரண்டு இடத்திலும் மழை நேராக வண்டி மேல்தான் விழும்.

சன்ரூஃப் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே விடாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த ரப்பருக்கு அப்படி ஒரு வேலை கொடுக்கப்படவே இல்லை. பெரும்பகுதி தண்ணீரை அது தடுக்கும், மீறி வருவதைக் கீழே இருக்கும் ட்ரே வாங்கிக்கொள்ளும். ட்ரேயின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு துளை. முன்பக்கத் துளைகளிலிருந்து வரும் ஓஸ், முன் கண்ணாடியை ஒட்டிக் கூரையைத் தாங்கும் தூணுக்குள், அதாவது பில்லருக்குள் இறங்கி முன் சக்கரத்துக்குப் பின்னால் தண்ணீரை விடும். பின்பக்க ஓஸ்கள் பின் பில்லர் வழியாக பம்பர் பக்கம் போகும். எந்த மூலையில் ஓஸ் அடைத்தாலும் அங்கே ட்ரேயில் தண்ணீர் ஏறும். விளிம்பைத் தாண்டிவிட்டால் அப்புறம் அது ரூஃப் துணிக்கு மேலே ஓடி, கிடைத்த வழியில் கீழே இறங்கும்.

மழைத்தண்ணீர் வெளியேற வேண்டிய வழிகள் காரில் இன்னும் இரண்டு இடங்களில் உண்டு. ஒன்று, வைப்பருக்கு அடியில் பிளாஸ்டிக் மூடி போட்ட பள்ளம். முன் கண்ணாடியில் விழும் தண்ணீரெல்லாம் அதில் இறங்கி இரண்டு ஓரங்களிலும் வெளியேறும். இன்னொன்று, ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் இருக்கும் சின்னத் துவாரங்கள். கதவுக் கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் தண்ணீர் அந்த வழியாக வெளியே போகும். வண்டி வாங்கும்போது இவற்றை யாரும் காட்டித் தருவதில்லை. சர்வீஸ் பில்லிலும் இவற்றுக்கென்று ஒரு வரியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் தெரிந்தவை

ஆடி மாதம் மலையில் தொடர்ந்து நல்ல மழை. அந்தச் சமயத்தில் காலையில் வண்டியை எடுத்தால் கண்ணாடிகள் எல்லாம் உட்பக்கமாகப் பனி படிந்திருந்தன. ஏற்காட்டில் பனி மூட்டம் புதிதல்ல என்பதால் அவர் துடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சேலத்துக்கு இறங்கிய பிறகும் அது கலையாமல் இருந்ததை அவர் கவனித்திருக்கிறார், ஆனால் காரணம் தேடவில்லை. கண்ணாடி உட்பக்கம் தினமும் வேர்க்கிறது என்றால் வண்டிக்குள் எங்கோ ஈரம் தேங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு வெளியில் இருக்கும் பனி காரணமாகாது.

அடுத்து வாடை. ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. மனைவிதான் முதலில் சொல்லியிருக்கிறார். அவர் உட்காரும் இடப்பக்க முன்சீட்டில்தான் வாடை அதிகம். மேட்டை எடுத்து வெயிலில் போட்டார்கள், நறுமணப் புட்டி ஒன்று வாங்கி டேஷ்போர்டில் வைத்தார்கள். வாடை குறைந்த மாதிரி இருந்தது.

புரட்டாசியில் ஒருநாள் மழை விட்ட பிறகு இருவரும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சேலம் - ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வலது பக்கம் ஒடித்துத் திரும்பிய ஒரு வளைவில், அந்த அம்மாவின் தோள்மேல் சில்லென்று தண்ணீர் கொட்டியது. மழை இல்லை, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, ஏசி போடவில்லை. அடுத்து இடது பக்கம் திரும்பிய வளைவில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வலது வளைவில் மறுபடி கொஞ்சம்.

இந்த வழக்கில் கிடைத்த மிக நல்ல தடயம் இதுதான். வண்டி வலது பக்கம் திரும்பும்போது உள்ளே தேங்கியிருக்கும் தண்ணீர் இடது பக்கம் ஒதுங்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்னால் வரும். இரண்டும் சேர்ந்தால் அது போய்ச் சேரும் இடம் இடது முன்மூலை. ஆனால் எங்களிடம் வரும் வரைக்கும் இந்தச் சம்பவத்தை அவர்கள் எந்தப் பட்டறையிலும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "கால் வைக்கிற இடத்துல தண்ணி நிக்குதுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

எங்களிடம் வருவதற்கு முன்

முதலில் ஒரு பட்டறையில் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயைச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார்கள். இடப்பக்கம் காலடியில் ஈரம் என்றதும் அங்கே கை போவது இயல்புதான். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் ஏசி பெட்டி இடப்பக்க டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. அந்தக் குழாய் அடைத்தால் தண்ணீர் அதே இடத்தில்தான் சொட்டும். ஆனால் ஏசி தண்ணீர் ஏசி ஓடினால்தான் வரும். தெளிவாக இருக்கும், மண் வண்டல் விடாது. ஏற்காட்டுக் குளிரில் இவர் ஏசியைத் தொடுவதே இல்லை.

அடுத்த மழைக்கு மறுபடி ஈரம். இன்னொரு இடத்தில், முன் கண்ணாடி ஒட்டியிருக்கும் பசை விட்டிருக்கும் என்று சொல்லி ஓரம் முழுக்க சிலிக்கான் வைத்துவிட்டார்கள். அதற்கு முன் தண்ணீர் அடித்துப் பார்த்தார்களா என்று கேட்டதற்கு, "வாட்டர் வாஷ் போட்டுப் பார்த்தோம், உள்ள ஒண்ணும் வரலைன்னாங்க" என்றார். ஒன்றும் வராத இடத்தில் எதற்கு சிலிக்கான் என்று நான் கேட்கவில்லை. அந்த சிலிக்கானைச் சுரண்டி எடுக்கத்தான் எங்கள் பையனுக்கு ஒரு மத்தியானம் போனது.

இதில் செலவானது பெரிய தொகையில்லை. போனது நாள்தான். ஆடியில் தொடங்கிய ஈரம் ஐப்பசி வரைக்கும் கார்பெட்டுக்கு அடியிலேயே கிடந்தது. அதன் விளைவு பின்னால் வருகிறது.

பட்டறையில் பார்த்தது

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் வண்டி எங்களிடம் வந்தது. டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்பது புதுப் புகார். தண்ணீரைப் பற்றி அவர் இரண்டாவதாகத்தான் சொன்னார்.

இடது முன்பக்க மேட்டை எடுத்தோம். கார்பெட் மேலே தொட்டால் லேசான ஈரம். உள்ளங்கையால் அழுத்தினால் விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஊறி வந்தது. கார்பெட்டுக்கு அடியில் தடிமனான பஞ்சு இருக்கிறது. சத்தம் குறைய வைத்தது, ஆனால் தண்ணீரையும் நன்றாகவே பிடித்து வைத்துக்கொள்ளும். மேல் துணி ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிடும், அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். மேட்டைக் காயவைத்து வாடை குறைந்ததாக அவர்கள் நினைத்தது இதனால்தான்.

தண்ணீரை முகர்ந்து பார்த்தோம், விரலில் தேய்த்துப் பார்த்தோம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டாக இருந்தால் பிசுபிசுக்கும், லேசான இனிப்பு வாடை இருக்கும், பானெட்டுக்குள் டப்பாவில் அளவும் குறைந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. விரலில் ஒட்டியது மெல்லிய செம்மண். வெளித்தண்ணீர் என்பது உறுதியானது.

வைப்பருக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோம். உள்ளே ஒரு கூடை இலை இருந்தது என்றால் மிகையில்லை. புங்க இலை, காய்ந்த பூ, சில்வர் ஓக்கின் கீறல் கீறலான இலை எல்லாம் மக்கி எருவாகிக்கொண்டிருந்தன. ஆனால் இரண்டு ஓரத் துவாரங்களிலும் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஏசி ஃபில்டரும் காய்ந்தே இருந்தது. அந்தப் பள்ளம் நிரம்பினால் தண்ணீர் முதலில் ப்ளோயர் காற்று இழுக்கும் வாய்க்குள் போகும், ஃபில்டர் நனையாமல் இருக்காது. எனவே இதுவும் காரணம் இல்லை. இன்னொரு மழைக்காலம் இப்படியே விட்டிருந்தால் இதுவும் காரணமாகியிருக்கும். அள்ளிச் சுத்தம் செய்தோம்.

கதவுகளின் அடித் துவாரங்கள் திறந்தே இருந்தன. கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தமும் இல்லை.

பிறகு கூரையைப் பார்த்தோம். இடப்பக்க சன் வைசரைக் கீழே இறக்கினால், அதன் ஆணிக்குப் பக்கத்தில் ரூஃப் துணியில் ஒரு ரூபாய் நாணய அளவில் மஞ்சள் பழுப்பு வளையம். வலப்பக்கம் அதே இடம் சுத்தமாக இருந்தது.

வண்டி நிற்கும் சாய்வு

சரி, சன்ரூஃப்தான் என்று ஏறக்குறைய தெரிந்துவிட்டது. ஆனாலும் தண்ணீர் விட்டுப் பார்க்காமல் எதையும் கழற்றுவதில்லை. காலடியிலும் இரண்டு பில்லர்களின் அடியிலும் தினசரிப் பேப்பரை விரித்துவிட்டு, தண்ணீர் அடிக்கும் ஓஸைக் குறைந்த வேகத்தில் வைத்துக் கீழிருந்து மேலே போனோம். முதலில் கதவின் கீழ்ப்பாதி, பிறகு கண்ணாடி ஓரம், கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் நின்று, பேப்பரைப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த இடம். எடுத்த எடுப்பில் கூரையில் தண்ணீரை ஊற்றினால் அது வண்டி முழுக்க வழியும், எங்கே நுழைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கூரையில் வெகுநேரம் ஓஸ் பிடித்தும் பேப்பர் காய்ந்தே கிடந்தது. இரண்டாவது பட்டறையில் வாட்டர் வாஷ் போட்டபோதும் இதுதான் நடந்திருக்கும். தண்ணீர் பட்டும் ஒழுகவில்லை.

அப்போதுதான் உரிமையாளரிடம் கேட்டேன். "சேலத்துல மழை பெஞ்சா ஒழுகுதுங்களா சார்?"

கொஞ்சம் யோசித்தார். "இல்லீங்களே. போன வாரம் இங்கயும் நல்ல மழை. வாசல்லதான் நின்னுச்சு. ஒண்ணும் தெரியல."

"மேல எப்படி நிறுத்துவீங்க?"

"மூக்கு கீழ பாத்துத்தான். காலையில எடுக்க லேசா இருக்கும்ல தம்பி."

போனில் ஒரு படம் வைத்திருந்தார். காபிப் பூ பூத்திருந்த சமயத்தில் அவர் மனைவி எடுத்தது. வெள்ளையாகப் பூத்த செடிகளுக்குப் பின்னால் வண்டி நிற்கிறது. இறக்கம் நாம் நினைப்பதைவிட அதிகம். முன்பக்கம் தாழ்ந்திருப்பது ஒருபுறம், இடது சக்கரங்கள் இரண்டும் மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி இறங்கி நிற்கின்றன. வண்டியின் மிகத் தாழ்வான இடம் இடது முன்மூலை. கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் கொட்டிய கதையை இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்.

சமதளத்தில் நின்றால் ட்ரேயில் விழும் தண்ணீர் நாலு பக்கமும் பிரியும். ஒரு மூலை அடைத்திருந்தாலும் மற்ற மூன்றும் சமாளித்துவிடும். தண்ணீர் முழுக்க ஒரே மூலைக்கு வரும்படி வண்டி சாய்ந்து நிற்கும்போது, அந்த மூலை அடைத்திருந்தால் வேறு வழி இல்லை. நிறைந்து வழியத்தான் செய்யும். சேலத்தில் வராமல் ஏற்காட்டில் மட்டும் வந்தது இதனால்தான். மேலே மழை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒழுகியதற்கு மழையின் அளவைவிட வண்டி நின்ற சாய்வுதான் காரணம்.

எங்கள் பட்டறை வாசலில் சாக்கடையைத் தாண்ட ஒரு கான்கிரீட் சரிவு இருக்கிறது. வண்டியை அதில் மூக்கு கீழே பார்த்து நிறுத்தி, வலது சக்கரங்களுக்கு அடியில் தடித்த பலகை கொடுத்து, கல் முட்டு வைத்தோம். பையன் டார்ச் லைட்டோடு உள்ளே உட்கார்ந்தான். கூரையில் பழையபடி குறைந்த வேகத்தில் தண்ணீர். சில நிமிடத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "அண்ணே, வந்துருச்சு." வைசர் ஆணி ஓரமாக ஒரு கோடு, பில்லர் பிளாஸ்டிக்கின் அடியிலிருந்து இன்னொரு கோடு. பேப்பர் கறுத்துக்கொண்டே போனது.

அடைப்பு

சன்ரூஃபைத் திறந்து, வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினோம். வலது முன்மூலைத் தண்ணீர் உடனே வலது சக்கரத்துக்குப் பின்னால் தரையில் விழுந்தது. பின்பக்கம் இரண்டும் பம்பருக்கு அடியில் வந்தன, இடது பக்கம் கொஞ்சம் மெதுவாக. இடது முன்மூலையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது.

கம்ப்ரஸர் காற்று அடித்தால் ஒரு நிமிட வேலை என்று பையன் சொன்னான். நான் விடவில்லை. ஓஸ் ட்ரேயோடு வெறும் அழுத்தத்தில் செருகியிருக்கிறது. அடைப்பு கீழே இருந்து காற்று மேலே அடித்தால், அடைப்பு போவதற்கு முன்னால் ஓஸ் கழன்றுகொள்ளும். கழன்றது வெளியே தெரியாது. அதற்கப்புறம் மழைத்தண்ணீர் முழுக்க ரூஃப் துணிக்கு மேலேதான். இரும்புக் கம்பியும் வேண்டாம், வளைவில் ஓஸைக் குத்திவிடும்.

புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு இதற்குச் சரியாக இருக்கும். எஸ்டேட்டில் அது சுருள் சுருளாகக் கிடக்கும் என்பதால் உரிமையாளரே ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். முனையைத் தீக்குச்சியில் காட்டி உருட்டி மழுக்கிக்கொண்டோம். மேலிருந்து விட்டால் ஒரு சாண்கூட இறங்கவில்லை. அழுத்தாமல் விட்டுவிட்டு, இடது முன்சக்கரத்தைக் கழற்றி, உள்மட்கார்டு பிளாஸ்டிக்கை விலக்கிக் கீழ்முனையைத் தேடினோம்.

ஓஸின் முனையில் ஒரு ரப்பர் மூக்கு இருந்தது. தண்ணீர் வந்தால் பிரிந்து மற்ற நேரம் மூடிக்கொள்ளும் மாதிரி அதன் வாய் ஒரு கீறலாக வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கீறல் செம்மண்ணால் இறுகிப்போயிருந்தது. மூக்கை இழுத்ததும் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் வந்து நின்றுவிட்டது. பிறகு கீழிருந்து நரம்பை ஏற்றி, மேலே ட்ரேயில் தண்ணீர் உறிஞ்சும் வேக்குவத்தை வைத்துப் பிடித்தோம். விரல் நீளத்துக்கு ஒரு கட்டை வந்தது, ஊறிப்போன புகையிலைத் துண்டு மாதிரி. கையில் பிரித்துப் பார்த்தால் சில்வர் ஓக் இலையின் காம்பு நரம்புகள், ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நடுவில் மண்ணும் கிரீஸும். கிரீஸ், சன்ரூஃப் ஓடும் தண்டவாளத்தில் தடவியது. பழைய கிரீஸைத் துடைக்காமல் புதிதாக மேலே மேலே தடவினால் உபரி வழிந்து இந்தத் துளைக்குத்தான் வரும், தூசியையும் இலையையும் பிடித்துவைக்கும்.

ரப்பர் மூக்கைச் சில பட்டறைகளில் வெட்டி எறிந்துவிடுகிறார்கள், அடைக்கவே அடைக்காது என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. திறந்த குழாய் கிடைத்தால் குளவி அதில் மண்கூடு கட்டும், எஸ்டேட் பக்கம் இது சாதாரணம். கழுவி, கீறலைப் பிரித்துவிட்டுத் திரும்ப மாட்டினோம்.

டம்ளர் தண்ணீர் ஊற்றினோம். சக்கரத்துக்குப் பின்னால் சரசரவென்று கொட்டியது. ஆனால் பில்லர் அடியில் வைத்திருந்த புதுப் பேப்பரில் ஓர் ஓரம் மட்டும் நனைந்திருந்தது. அடைப்பு இல்லை, இருந்தும் ஈரம். அப்படியென்றால் வழியில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. இந்த வண்டியில் பில்லர் மூடிக்குப் பின்னால் பக்கவாட்டு ஏர்பேக் ஓடுகிறது. எனவே பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, மேனுவலில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்துதான் மூடியைத் தொட்டோம். இதை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. உள்ளே பார்த்தால், ட்ரேயிலிருந்து வரும் குழாய் மூக்கில் ஓஸ் பாதிதான் ஏறியிருந்தது. முன்பு யாராவது காற்று அடித்தபோது நழுவியதா, தொழிற்சாலையிலேயே அப்படிச் செருகியதா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. முழுக்க ஏற்றி ஒரு சின்ன கிளிப் போட்டோம். மறுபடி சரிவில் நிறுத்தி, பலகை கொடுத்து, வெகுநேரம் தண்ணீர் விட்டோம். பேப்பர் காய்ந்திருந்தது.

எடுத்த முடிவுகள்

உரிமையாளர் ஒன்று கேட்டார்: "சன்ரூஃபை நான் திறக்கறதே இல்லீங்க. பேசாம ஒட்டி மூடிட்டா என்ன?" கேட்பது நியாயம்தான். நான் வேண்டாம் என்றேன். நம் வெயிலில் வெளியே பூசிய சிலிக்கான் ஒரு பக்கம் வெடித்துக் கிளம்பும், தண்ணீர் மறுபடி ட்ரேக்குத்தான் வரும். அதற்குள் இரண்டு மூன்று வருடம் யாரும் ட்ரேயைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். தெரியாமல் யாராவது சுவிட்சை அழுத்தினால் மோட்டாரும் போகும்.

அடுத்தது கார்பெட். இதில்தான் பேச்சு நீண்டது. வண்டி மறுநாளே வேண்டும், தீபாவளி நெருங்குகிறது என்றார். ஒழுகல் நின்றுவிட்டதே, மீதி ஈரம் தானாகக் காயட்டும் என்பது அவர் எண்ணம். பஞ்சு தானாகக் காயாது. அதற்கு மேலே கார்பெட், கீழே இரும்புத் தகடு, காற்று புகும் வழி இல்லை. ஏர்பேக் விளக்கு எரிவது ஏற்கனவே வந்த எச்சரிக்கை. சீட்டைக் கழற்றாமல் வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் மனைவிதான் "வாடையோட தீபாவளிக்கு எங்கயும் போக வேண்டாங்க" என்று முடித்துவைத்தார்.

இடது முன்சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கினோம். பஞ்சின் அடிப்பக்கம் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. தகட்டில் பெயின்ட் நன்றாகவே இருந்தது, ஒரு வெல்டிங் ஓரத்தில் மட்டும் துரு எட்டிப்பார்த்தது. சீட்டுக்கு அடியில் வயர்களை இணைக்கும் மஞ்சள் நிறக் கப்ளரைப் பிரித்தால் இரண்டு பின்கள் பச்சை பூத்திருந்தன. மஞ்சள் கப்ளர் என்றால் ஏர்பேக் வயரிங். சாதாரண வயரிங்கில் செய்வது போல வெட்டி முறுக்கி டேப் சுற்றும் வேலை அங்கே ஆகாது. கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து மாட்டினோம், விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தால் கம்பெனி சர்வீஸில் அந்தக் கப்ளரையே மாற்றிவிடச் சொல்லி பில்லிலும் எழுதிக் கொடுத்தோம்.

பூசணம் பிடித்த பஞ்சைப் பிரித்துக் கழுவித் தகரக் கூரை மேல் போட்டோம். மழை இடைவெளியில் கிடைத்த வெயில் போதவில்லை, உள்ளே கயிறு கட்டித் தொங்கவிட்டு டேபிள் ஃபேன் வைக்க வேண்டியதாயிற்று. கையால் அழுத்தித் துணி வைத்துப் பார்த்து, துணி நனையாத பிறகுதான் திரும்பப் போட்டோம்.

அதற்குப் பிறகு

ஐப்பசியின் மீதி மழையும் கார்த்திகை மழையும் வந்து போயின. காலடியில் ஈரம் இல்லை. கண்ணாடி உட்பக்கம் வேர்ப்பது நின்றது. வாடை போக மட்டும் இன்னும் சில வாரம் பிடித்தது. ரூஃப் துணியின் வளையம் அப்படியே இருக்கிறது, துணியை மாற்றினால்தான் போகும். அவர் மாற்றவில்லை.

ஏர்பேக் விளக்கு தை மாதம் மறுபடி எரிந்தது. கம்பெனி சர்வீஸில் கப்ளரோடு அந்தத் துண்டு வயரிங்கையே மாற்றினார்கள். மொத்தச் செலவில் பெரியது இதுதான். அடைப்பு எடுத்ததற்கு ஆனதைவிட, அடைப்பு எடுக்காமல் கிடந்த மாதங்களுக்கு ஆனது பல மடங்கு.

எஸ்டேட்டில் வண்டி நிறுத்தும் இடத்தை மாற்ற முடியுமா என்றும் பேசினோம். மூக்கை மேலே திருப்பி நிறுத்தினால் தண்ணீர் பின்மூலைகளுக்குப் போகும். அந்த ஓஸ்கள் இன்னும் நீளம், அங்கே வழிந்தால் டிக்கியில் ஸ்டெப்னிப் பள்ளத்தில் தேங்கும், கண்ணிலேயே படாது. காபி காயப்போடும் களம் சமதளம், மேலே மரமும் இல்லை. அங்கேதான் இப்போது நிறுத்துகிறார்.

மாற்றியவை

ஒழுகல் என்று வண்டி வந்தால் எங்கள் பட்டறையில் இப்போது ஓஸை எடுப்பதற்கு முன் கேட்பவை வேறு. எங்கே நிற்கும்போது வருகிறது, மூக்கு எந்தப் பக்கம், எந்த மரத்தடி, எந்தப் பக்கம் திரும்பும்போது சொட்டுகிறது, ஏசி ஓடியதா. முடிந்தால் வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தின் படம் கேட்கிறோம். சமதளத்தில் தண்ணீர் விட்டு ஒழுகவில்லை என்றால் சரிவிலும் ஒருமுறை விட்டுப் பார்க்காமல் அனுப்புவதில்லை. சன்ரூஃப் வண்டி எந்த வேலைக்கு வந்தாலும் நாலு மூலையிலும் ஒரு டம்ளர் ஊற்றிப் பார்த்துவிடுகிறோம், அதற்குக் காசு வாங்குவதில்லை.

டம்ளர் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஊற்றும் தண்ணீர் மெதுவாக இருக்கட்டும், குடத்தோடு கவிழ்த்தால் நல்ல ட்ரேயும் வழியும். தண்ணீர் வெளியே விழும் இடத்தைக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். வருகிறது, ஆனால் சொட்டுச் சொட்டாக என்றால் அடைப்பு தொடங்கிவிட்டது. தண்டவாளத்தில் பழைய கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு மேனுவலில் சொன்னதை மட்டும் மெலிதாகத் தடவினால் போதும். வைப்பர் அடியில் இருக்கும் இலையை மூடியைக் கழற்றாமலேயே கையால் பொறுக்கலாம். கதவின் அடித் துவாரத்தைத் தீக்குச்சியால் கிளறிவிடலாம்.

எப்போது என்பதை மரம் சொல்லும். சேலத்தில் புங்கமரத்தடி என்றால் மாசி பங்குனியில் இலை கொட்டும், அதன்பின் பூ கொட்டும், அந்தப் பொடிப்பூ இலையைவிட மோசம். கோடை மழைக்கு முன் ஒருமுறையும் ஐப்பசிக்கு முன் ஒருமுறையும் பார்த்தால் சரியாக இருக்கும். மலையில் சில்வர் ஓக் வருடம் முழுக்க உதிர்க்கும், அங்கே மாதம் ஒருமுறையாவது கண்ணாடி ஓரத்தைத் திறந்து துடைக்க வேண்டும்.

இந்த உரிமையாளருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. காபிப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டால் களம் முழுக்கப் பழம் காயும், வண்டிக்கு அங்கே இடம் கிடையாது. பழம் அள்ளும் வரைக்கும் வண்டி பழைய இடத்துக்கே, அதே மரத்தடிக்குப் போயாக வேண்டும். அந்த மாதங்களுக்கு மட்டும் சனிக்கிழமை சேலம் இறங்குவதற்கு முன் நாலு மூலையிலும் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார். நைலான் நரம்பில் ஒரு துண்டு டேஷ்போர்டு பெட்டியிலேயே கிடக்கிறது.